உப்புச் சாக்கில் வந்த பூச்சிகளும் நான் எழுதிய பலகையும்

சாயம் நிறுக்கும் கலர் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என்னை வழியனுப்பிய அன்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், மாலையைச் சரி செய்தேன், "ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாலில் இரண்டுதான் வந்தது. மீதி இரண்டை எழுதித் தருகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சாயத்துக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நேரம் கொதி என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்வீர்கள். சுவரில் ஒட்டாத ஒன்றைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் திருப்பூரில் பனியன் என்றால் வெள்ளை பனியன்தான். கலர் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேருக்காக எங்கள் முதலாளி ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தார். நான் அங்கே சாயமும் மருந்தும் நிறுத்துக் கொடுப்பவன். பத்தாவது வரை படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும், வாயைத் திறக்க மாட்டான். இந்த மூன்று தகுதிக்காகத்தான் என்னை எடுத்தார்கள். மூன்றாவதுதான் முக்கியமானது என்று பின்னால் தெரிந்தது.

மலிவுச் சாயம் துவைத்தால் ஓடிவிடும். ஓடாமல் இருக்கத் துணியைக் கடைசியில் இரண்டு மருந்து போட்டுக் கொதிக்க வைப்போம். ஒன்று நீல நிற மயில்துத்தம், அது செம்பிலிருந்து வருவது. இன்னொன்று ஆரஞ்சு நிறத்துப் பைக்குரோம், அது குரோமியத்திலிருந்து வருவது. இரண்டும் உலோகம். உலோகம் என்றால் கனமாக இருக்கும், காலில் விழுந்தால் வலிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

துணியில் பிடித்தது போக மிஞ்சிய தண்ணீர் பின்பக்கம் ஒரு மண் குழிக்குப் போகும். அந்தக் குழி நிறைந்ததே கிடையாது. எவ்வளவு ஊற்றினாலும் மறுநாள் காலையில் குடித்து முடித்திருக்கும். முதலாளிக்கு அதில் பெருமை. "மத்த பட்டறைக்காரன் எல்லாம் சாயத்தண்ணி வயல்ல பாயுதுன்னு தோட்டக்காரங்ககிட்டச் சண்டை புடிச்சுட்டுத் திரியறான். நமக்கு ஆண்டவன் கொடுத்த குழி" என்பார். அந்தக் குழியிலிருந்து கிழக்கே இறக்கத்தில் இருபது அடி நடந்தால் எங்கள் கிணறு. அதையும் ஆண்டவன்தான் கொடுத்திருந்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கிணற்றில் முன்பெல்லாம் தவளை இருக்கும், பொடி மீன் இருக்கும், படியில் பாசி பிடித்திருக்கும். ஓரிரு வருடத்தில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கல்லும் தண்ணீரும் மட்டும் மிஞ்சின. அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். நம் ஊரில் எல்லோருக்கும் வெள்ளைதான் தெய்வம். அழுக்கில்லாத வெள்ளையாக இருந்தால் அது நல்லது. துணிக்கு வைத்த அந்தச் சட்டத்தையே தண்ணீருக்கும் வைத்தோம்.

கொசு ஒழிக்க வந்த சுகாதாரக்காரர் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்து அசந்து போனார். ஊரில் எந்தக் கிணற்றில் பார்த்தாலும் கொசுப்புழு நெளிகிறது, இதில் ஒன்று கூட இல்லை. "இதுதாங்க மாதிரிக் கிணறு. ஒரு போர்டு வையுங்க. மத்தவங்களும் பாத்துக் கத்துக்கட்டும்" என்றார்.

போர்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. பச்சைப் பெயிண்டில், சுழி பிசகாமல் எழுதினேன்.

மாதிரிக் கிணறு
பூச்சி புழு அற்றது
குடிக்க உகந்தது

மூன்றாவது வரியைச் சுகாதாரக்காரர் சொல்லவில்லை. மானேஜர் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

பட்டறைக்குப் பின்னால் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள். என் வீடும் அதில் ஒன்று. லைன் கிணறு தூர்ந்து போனதால் எல்லாரும் முருகன் கோயில் கிணற்றுக்குப் போவார்கள். போக வரக் கால் மணி நேரம் ஆகும். போர்டு ஏறியதும் அத்தனை குடமும் எங்கள் கிணற்றுக்குத் திரும்பியது. முதலாளி தன் வீட்டுக்கும் ஒரு மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து அதே தண்ணீரைக் கொண்டு போகச் சொன்னார். என் மனைவி சரசு வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். "எங்க ஊட்டுக்காரரு எழுதுன போர்டு" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்கும். கேட்காதது போல் உள்ளே போய் நிறுத்துக்கொண்டிருப்பேன்.

இனி பூச்சிகளின் கதைக்கு வருகிறேன்.

சாயத்துக்கு உப்பு மூட்டை மூட்டையாக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து லாரியில் வரும். மூட்டையைக் கொட்டிய பிறகு சாக்கின் இழையில் கொஞ்சம் உப்பு ஒட்டியிருக்கும். அதையும் விட மனமில்லாத முதலாளி, காலிச் சாக்குகளை ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஊற வைத்து, அந்த உப்புத் தண்ணீரைச் சாயத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தார். கிணற்றிலிருந்து இறைத்தால் கரண்டு செலவாகுமே என்று தொட்டிக்குக் கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீர். இவ்வளவு சிக்கனத்தில் என்ன உருவாயிற்று தெரியுமா? கடலையே பார்க்காத திருப்பூரில் ஒரு சின்னக் கடல்.

ஒரு மழைக்குப் பிறகு நாலு நாள் வேலை ஓடவில்லை. தொட்டியை யாரும் தொடவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால், வெயில் பட்ட இடத்தில் தண்ணீர் நடுங்குகிறது. குனிந்து பார்த்தேன். கடுகை விடச் சின்னதாக, செம்மஞ்சள் நிறத்தில், ஆயிரக்கணக்கான உயிர்கள் கையைக் காலை அடித்துக்கொண்டு நீந்தின.

மானேஜர் எட்டிப் பார்த்துவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் தாவினார். "பூச்சி! சாயத்துல பூச்சி! துணியில அப்புனா என்னய்யா பண்றது?"

அந்த நேரம் உப்பு லாரி வந்து நின்றது. அந்த டிரைவரின் பெயரை நான் கடைசி வரை கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். ஆனால் எனக்கு வாத்தியார் என்று ஒருவர் இருந்தால் அது அவர்தான். தொட்டியைப் பார்த்துச் சொந்த ஊர்க்காரனைக் கண்டது போல் சிரித்தார்.

"அண்ணாச்சி, இது உப்பளத்துப் பூச்சில்லா! எங்கூர்ல பாத்தி பாத்தியா செவந்து கெடக்கும். நாரை வந்து திங்கும். சாக்குத் தையல்ல பழுப்பாத் தூசி ஒட்டியிருக்குல்லா, அதுதான் முட்டை. வருசக்கணக்காக் காஞ்சு கெடந்தாலும் உப்புத் தண்ணி பட்டா முழிச்சுக்கும்."

"கொல்றதுக்கு வழி சொல்லுய்யா" என்றார் மானேஜர்.

"வெயிலுக்குச் சாவாது, உப்புக்கும் சாவாது. செம்புப் பானையில மட்டும் எடுத்து வைக்க மாட்டோம். வச்சா மறுநாளே மிதக்கும்."

மானேஜர் படித்தவர். செம்பு என்றதும் பிடித்துக்கொண்டார். "ஒரு படி மயில்துத்தம் எடுத்துக் கொட்டு" என்று எனக்கு உத்தரவு போட்டார். அளந்து கொட்டினேன். மறுநாள் காலையில் தொட்டியின் அடியில் செந்நிற வண்டல் ஒன்றுதான் இருந்தது. அசைவு இல்லை. மானேஜர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இப்பத்தானய்யா இது நம்ம கெணறு மாதிரி சுத்தமாச்சு!"

அவர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிணறு மாதிரி. ஆமாம், அப்படியே கிணறு மாதிரிதான். தவளை போன கிணறு, மீன் போன கிணறு, பாசி போன கிணறு. அதைச் சுத்தம் செய்தவர் யார்?

தம்பிகளே, இந்தத் தொழிலில் பெரிய உண்மைகளைப் பெரும்பாலும் மானேஜர்கள்தான் சொல்வார்கள். அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

சாக்குத் தையலிலிருந்து பழுப்புத் தூசியைச் சுரண்டி எடுத்தேன். கோயில் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு சட்டியில் விட்டேன். இரண்டு நாளில் பொரிந்தன. பிறகு இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் கோயில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் மாதிரிக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு உப்பைத் தராசில் நிறுத்துப் போட்டேன். உலகத்தில் நான் பயமில்லாமல் செய்யும் காரியம் நிறுப்பது ஒன்றுதான். இரண்டிலும் பூச்சிகளை விட்டேன்.

மறுநாள் காலை கோயில் டம்ளரில் திருவிழா. மாதிரி டம்ளரில் ஒன்று கூட அசையவில்லை.

டம்ளரில் சோப்பு ஒட்டியிருக்கும் என்று நினைத்து மாற்றினேன். உப்பைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். என் கையைச் சந்தேகப்பட்டுச் சாம்பல் போட்டுக் கழுவினேன். மூன்று தடவையும் அதே முடிவு.

உடனே என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம், இனிமேல் கோயில் கிணற்றிலேயே தண்ணீர் எடு என்றேன்.

"ஏனுங்க, நம்ம கெணத்துக்கு என்னாச்சு?"

"மருந்து எறங்கியிருக்குமோன்னு சந்தேகம்."

"அப்படீன்னா பக்கத்தூட்டு ரங்கம்மாகிட்டயும் சொல்லிப்போடறேன். அவ கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியிலதான் கஞ்சி காய்ச்சறா."

"இப்ப வேண்டாம். மொதல்ல முதலாளிகிட்டச் சொல்லோணும். அதுதான் முறை."

முறை! அந்த முறையைக் கடைப்பிடிக்கத் தைரியம் வர எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் இரண்டு டம்ளரையும் ஒரு தட்டில் வைத்து, காப்பி கொண்டு போகிறவனைப் போல முதலாளி அறைக்குள் போனேன். எது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னேன். முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, பூச்சி செத்துச்சுன்னா மனுசன் செத்துருவானா? மனுசன் என்ன உப்புச் சாக்குலயா வந்தான்?"

"இல்லீங்க."

"என்ற ஊட்டுலயும் அந்தத் தண்ணிதான குடிக்கறோம்? நான் என்ன மெதந்துட்டா இருக்கறேன்?"

"இல்லீங்க."

கோயில் டம்ளரை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "எத்தனை நேரத்துல செத்துச்சுன்னு சொன்னே?" என்றார்.

"காலைல உட்டனுங்க. மறுநாள் காலைல ஒண்ணு கூட இல்லீங்க."

அவர் மேசையில் குடிக்கிற தண்ணீர்ச் சொம்பு இருந்தது. ஒற்றை விரலால் அதை மெல்லத் தள்ளி மேசை ஓரத்துக்குக் கொண்டு போனார்.

"அடுத்த வாரம் பெரிய ஆபீசர் மாதிரிக் கெணத்தப் பாக்க வர்றாரு. அது முடியட்டும். அதுக்கப்பறம் யோசனை பண்ணலாம். அதுவரைக்கும் வாயத் தொறக்காதே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "உன்கிட்டப் போயி இதைச் சொல்றேன் பாரு. நீ எங்க தொறந்தே!"

அன்று மத்தியானமே முதலாளி வீட்டு வண்டி கோயில் கிணற்றுப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.  சாப்பிட வீட்டுக்குப் போனவன், என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்திப் பேசினேன்.

"தன்ற ஊட்டு வண்டிய மட்டும் சத்தமில்லாம நிறுத்திப்போட்டாரு. சனம் குடிச்சா குடிக்கட்டுமாம். இவரெல்லாம் ஒரு மனுசனா?"

சரசு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "வண்டி என்னைக்குங்க நின்னுச்சு?"

"இன்னைக்கு."

"நம்ம குடம்?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"முந்தாநேத்து" என்று அவளே சொன்னாள். "அப்ப நீங்கதான் முந்தீட்டீங்க." கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்தச் சோற்றை நான் முடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கறுப்புப் பெயிண்டும் பிரஷும் ஸ்டூலுமாகக் கிணற்றடிக்குப் போனேன். பேச வேண்டியதில்லை, எழுதிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"என்னங்க அண்ணா, திரும்பவும் எழுதறீங்களா? எங்க பேரையும் சேத்து எழுதுங்கோ, தண்ணி சேந்தியே கை காப்புக் காச்சுப் போச்சு" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று வரியையும் கறுப்பால் அடித்தேன். பக்கத்தில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, 'விஷத் தண்ணீர். குடிக்காதீர்கள்' என்று எழுதினேன். அப்போதும் எழுத்து அழகாகத்தான் வந்தது. முடித்துத் திரும்பினால், பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ரங்கம்மா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்: "எங்களுக்கு எங்கீங்க படிக்கத் தெரியும்? மொத போர்டையும் உங்க ஊட்டுக்காரி படிச்சுச் சொல்லித்தான் வந்தோம். என்ன எழுதிருக்கறீங்க, வாயில சொல்லுங்கோ."

என் பத்தாம் வகுப்பும் கையெழுத்தும் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. மூன்றாவது தகுதி தொண்டையில் உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னேன்.

"தண்ணியில சாய மருந்து எறங்கிருச்சுங்க. குடிக்காதீங்க. கொழந்தைக்குக் கஞ்சி காய்ச்சாதீங்க."

ராட்டினச் சத்தம் நின்றது.

"எப்பிருந்துங்க தெரியும்?" என்றாள் ரங்கம்மா.

"நாலு நாளா."

"அதுதான் உங்க ஊட்டுக்காரி கோயில் கெணத்துக்குப் போனாளா? முருகனுக்கு வேண்டுதல், நாப்பத்தெட்டு நாளைக்குக் கோயில் தண்ணின்னு சொன்னாளே."

நான் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு மட்டும் நாலு நாளைக்கு முன்னாடியே முருகன் வந்து சொல்லீட்டானாக்கும்" என்றாள். திட்டவில்லை. நிறைந்த குடத்தை அப்படியே சாய்த்தாள். தண்ணீர் என் கால் மேலேயே ஓடியது. பிறகு காலிக் குடத்தோடு கோயில் வழியில் நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சாய்த்துவிட்டுப் போனார்கள். திருப்பூரில் அதற்கு முன்னும் பின்னும் என்னை அப்படி யாரும் கழுவியதில்லை.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மானேஜரும் அப்படித்தான் நினைத்து வேறு ஆளைத் தேட ஆரம்பித்திருந்தார். ஆனால் பெரிய ஆபீசர் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அன்று மத்தியானமே வந்துவிட்டார். பழைய போர்டை மீட்க நேரமில்லை. முதலாளி முதலாளி அல்லவா? ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை.

"தொழிலாளிக நன்மைக்காக நாங்களே எச்சரிக்கை எழுதி வெச்சுட்டமுங்க" என்றார்.

ஆபீசர் தகரத்தைப் படித்தார். தண்ணீரில் என்ன விஷம் என்று கேட்கவில்லை. "எழுத்து ரொம்ப நல்லா இருக்கே, யார் எழுதினது?" என்றார். என்னைக் காட்டினார்கள். "கொசுப்புழு இல்லையே?" என்றார். "ஒண்ணு கூட இல்லீங்க" என்றார் மானேஜர். ஆபீசர் குறித்துக்கொண்டு போனார்.

"உன்னைய வேலைய உட்டு அனுப்பிருப்பேன். ஆபீசர் உன்ற எழுத்தப் பாராட்டீட்டாரு, போ" என்றார் முதலாளி. அதன் பிறகு பல வருடம் என்னோடு அவர் சரியாகப் பேசவில்லை. நானும் பேசுகிற ஆள் இல்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

குழியை இடம் மாற்றினார்கள். கிணற்றுக்கு மேற்கே இருந்ததை மூடிவிட்டு, கிழக்கே ஓடும் ஓடைப் பள்ளத்தை ஒட்டி வெட்டி, நிறைந்தால் பள்ளத்தில் வழிய ஒரு வாய்க்காலும் விட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று மானேஜர் எழுதி வைத்தார். உப்பு டிரைவர் அடுத்த நடை வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்தப் பள்ளம் எங்க போவுது?"

"நொய்யலுக்கு. அது காவேரிக்கு."

"காவேரி?"

"கடலுக்கு."

"அண்ணாச்சி, உப்பளத்துப் பூச்சி கல்லு மாதிரி. அதுவே உங்க தண்ணியில ஒரு நாள் தாங்கலைன்னா, கழிமுகத்துச் சேத்துல பொடி இறாலும் நண்டுக்குஞ்சும் கெடக்கே, அதெல்லாம் என்னத்துக்கு ஆவும்? அது இருந்தாத்தான் மீனு. மீனு இருந்தாத்தான் எங்க ஊரு." லாரியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "நாங்க உப்பு அனுப்புதோம். நீங்க இதைத் திருப்பி அனுப்புதீய."

 பள்ளத்து ஓரத்தில் ஒரு போர்டு எழுதி வைத்திருக்கலாம். பொடி இறாலுக்கும் படிக்கத் தெரியாது. அதன் சார்பில் 'வாயில சொல்லுங்கோ' என்று கேட்க ஒரு ரங்கம்மாவும் இல்லை. பள்ளத்துத் தண்ணீரைப் பற்றி வாய் திறப்பது நான் செய்யாமல் விட்ட வேலை. நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ரங்கம்மாவின் குழந்தை வளர்ந்து இப்போது நம் பேக்கிங்கில் வேலை செய்கிறாள். தண்ணீரால் அவளுக்கு ஏதாவது ஆயிற்றா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு தலைவலி என்றாலும் என் காலில் அந்த ஈரம் தெரியும். ரங்கம்மா சரசுவோடு மறு மாசமே பேச ஆரம்பித்துவிட்டாள். என்னோடு பேச மூன்று பொங்கல் ஆயிற்று.

நீங்கள் என்னை விட அதிகம் படித்தவர்கள். பூச்சி இல்லாமலே மெஷின் வைத்து அளந்து எண் சொல்வீர்கள். நல்லது. ஆனால் எண் கையில் வந்த அன்று, யாருக்கு முதலில் சொன்னீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குடம் முதலில் திரும்பியிருந்தால், வெட்கப்பட்டு நேரத்தைக் கழிக்காமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அந்தத் தகரம் இன்னும் கிணற்றடியில் இருக்கிறது. மழையில் எழுத்து மங்கும். வருடத்துக்கு ஒரு தடவை கறுப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரஷ் ஸ்டோரில் இரண்டாம் தட்டில், பைக்குரோம் டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. எழுதி முடித்த பிறகு, அங்கே யாராவது குடத்தோடு நின்றால், தயவுசெய்து வாயால் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.